அப்பா பெயர் எங்கே?

அந்தமானின் சாத்தம் ஜெட்டியில் வண்டிப் படகு ஏறினால் சற்று நேரத்தில் பாம்பூஃப்ளாட் வந்துவிடும். ஸ்கூட்டரும் காய்கறி மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே தட்டில் நின்று வருவார்கள். இந்த ஊர்க்காரர் அமெரிக்காவின் ஜே-1 பரிமாற்ற விசாவுக்குப் போவதென்றால் அதே படகில் எதிர்த்திசையில் தொடங்க வேண்டும். அந்தமானுக்குச் சென்னைத் துணைத் தூதரகம்தான் பொறுப்பு. நேர்காணல் அண்ணா மேம்பாலம் பக்கம்.

ஃபுல்பிரைட் ஆசிரியர் பரிமாற்றத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குத் தேர்வான பாம்பூஃப்ளாட் ஆசிரியை ஒருவர் கடலைத்தான் பெரிய தடையாக நினைத்திருந்தார். இடறியது சொந்தப் பெயரில்.

அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இனிஷியலோடு வளர்ந்த தமிழர் பலருக்கும் அப்படித்தான். பயிற்சிக்கான விண்ணப்பம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சம்மதிக்கவில்லை. அப்பா பெயரை எழுதிவிட்டார். பரிமாற்றத்துக்குத் தகுதி காட்டும் டிஎஸ்-2019 படிவமும் அதே பெயரில் வந்து சேர்ந்தது. பாஸ்போர்ட்டோடு அது ஒத்துப்போகவில்லை. திருத்திய படிவம் கைக்கு வரும்வரை அவருக்குத் தூக்கமில்லை. இப்படிப்பட்டவர்களின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சிடுவது அமெரிக்க வழக்கம். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தமாம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கிறது!

இந்த விசாவில் உயிர்நாடி அந்த டிஎஸ்-2019தான். விசா நுழைவதற்குத்தான்; எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் படிவம் சொல்லும். அதிலுள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கும் முன்னதாகப் போய் இறங்க முடியாது. பயிற்சி முடிந்தபின் மூட்டை கட்ட 30 நாள் உண்டு.

அமெரிக்க அரசுப் பணத்தில் போனதால் ஆசிரியைக்கு விசா கட்டணமும் செவிஸ் என்ற பதிவுக் கட்டணமும் இல்லை. அந்த உதவி இல்லாத ஆய்வாளர்கள் 185 டாலரும் 220 டாலரும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஆனால் அரசுப் பணத்துக்கு ஒரு வால் உண்டு. திரும்பி வந்து 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு பேச்சு. 2024 டிசம்பரில், இதே விதியைத் துறை பார்த்து விதிக்கும் அமெரிக்கத் திறன் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டதும் இந்த விதியே போய்விட்டது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலால் கட்டுப்பட்டவர்களுக்குத்தான் விடுதலை. அரசு உதவி பெற்றவருக்கு இல்லை.

சென்னையில் கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு இன்னொரு நாள். மழைக்காலத்தில் தீவின் வீர சாவர்க்கர் விமான நிலையத்தில் இறங்க முடியாமல் விமானம் வந்த வழியே திரும்புவதும் உண்டு. கப்பலென்றால் மூன்று நாள். ஆசிரியை நான்கு நாள் முன்னதாகவே சித்தி வீட்டில் போய் இறங்கினார். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று சித்தி சிரித்தார்.

நேர்காணல் சில நிமிடம்தான். திரும்பி வருவீர்களா என்பதற்கு அவர் நீட்டி முழக்கவில்லை. விடுப்பு ஆணையைக் காட்டி, பத்தாம் வகுப்புக்கு இன்னும் நடத்த வேண்டிய பாடங்களைச் சொன்னார்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு படகில் வந்தபோது அப்பா வாங்கிப் புரட்டினார். "என் பேரு எங்கேம்மா?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார் மகள்.