பழைய கணக்கு மென்பொருளும் புதிய கணிப்பொறியும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கே என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். கணக்கு பேரேட்டில் இருந்தவரையில் அதைப் படிக்கக் கண்ணும் விளக்கும் போதுமாயிருந்தன. கணிப்பொறிக்குள் புகுந்த கணக்கைப் படிப்பதற்கோ, அதை எழுதிய மென்பொருளும் இயங்கவேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்குப் பரிசோதனைக்காகச் சென்றிருந்தேன். காலஞ்சென்ற அங்கத்தினர் ஒருவரின் மனைவியார், கணவரின் பங்குத் தொகையையும் சேமிப்பையும் கேட்டு மூன்றாம் முறையாக வந்திருந்தார். பழைய கணக்குகள் யாவும் பாக்ஸ்புரோவில் ஆக்கப்பட்ட மென்பொருளில் இருந்தன. பழைய கணிப்பொறி பழுதுற்றுவிட்டது. புதியதோ அம்மென்பொருளை ஏற்க மறுத்தது. நல்லவேளையாக வன்தட்டு சேதமுறவில்லை. எனினும், தொகை எவ்வளவு என்று சொல்வார் எவருமில்லை.

புதியது மறுத்ததேன்? டாஸ் காலத்து மென்பொருள்களை 64-பிட் விண்டோஸ் நேரடியாக இயக்காது. விண்டோஸ் 11 அவ்வடிவில் மட்டுமே வெளிவந்தது.

இதற்குப் பரிகாரம் ‘மெய்நிகர் கணிப்பொறி’ என்பது. ஒரு ஜக்கார்டுக்கென்று துளையிட்ட அட்டைகள், அமைப்பு வேறுபட்ட மற்றொன்றில் பயன்படமாட்டா. அட்டைகளைக் காப்பாற்ற, பழைய தறியையே புதிய கூடத்தின் ஒரு மூலையில் நாட்டவேண்டும். அதுபோல, புதிய கணிப்பொறிக்குள் மென்பொருளாலேயே ஒரு பழைய கணிப்பொறியை அமைக்கிறோம். இவ்வுபாயம் புதிதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கணிப்பொறிகளுக்கு வி.எம்./370 என்ற பெயரில் இதனை அறிவித்தது.

செய்முறை வருமாறு:

1. முதற்காரியமாகப் பழைய வன்தட்டிலுள்ள யாவற்றையும் இரண்டு பிரதிகள் எடுக்க. மூலத்தின்மீது எந்தச் சோதனையும் கூடாது.

2. புதிய கணிப்பொறியில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்றதொரு மென்பொருளை நிறுவுக. இதன் அடிப்படைத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

3. அதனுள் ஒரு மெய்நிகர் கணிப்பொறியை உண்டாக்கி, உரிமம் பெற்ற 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவுக. இதற்கு 1 ஜி.பி. நினைவகம் போதும்.

4. கணக்கு மென்பொருளையும் கோப்புகளையும் அதனுள் சேர்த்து, அச்சிட்ட பழைய ஐந்தொகை ஒன்றுடன் மொத்தங்களை ஒப்பிடுக. ஒரு காசு வேறுபட்டாலும் காரணம் காணாமல் மேற்செல்லலாகாது.

5. மெய்நிகர் கணிப்பொறிக்கு இணைய இணைப்பைத் துண்டித்துவிடுக. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியுடன் நின்றுபோயின.

6. மெய்நிகர் கணிப்பொறியை நிறுத்தியபின், அது அடங்கிய கோப்புறையைப் பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்க.

கோப்புகளை மட்டும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். டிபிஎஃப் கோப்புகள் அதில் திறக்கும்; எண்களும் தெரியும். ஆனால் வட்டி கணக்கிட்ட முறையும், ஒரு கோப்புக்கும் மற்றொன்றுக்குமுள்ள தொடர்பும் மென்பொருளிலேயே அடங்கியுள்ளன. ஆகவே மென்பொருள் ஓடுவது அவசியம்.

எனினும், இஃது ஆற்றைக் கடக்கும் தோணியே அன்றிக் குடியிருக்கும் வீடன்று. பழைய கணக்கு திறந்தவுடன், இருப்புகளை அச்சிட்டு, நிர்வாக சபையின் ஒப்புதலுடன் புதிய மென்பொருளுக்கு மாற்றிவிடுவதே முறை.

மேற்சொன்ன சங்கத்தில் இவ்வாறே செய்தோம். மொத்தங்கள் ஒத்துவந்தன, அம்மையாருக்குச் சேரவேண்டிய தொகையும் கணக்கில் தெரிந்தது.

அன்பர்களே, அடுத்த பொதுச் சபையில் உங்கள் காரியதரிசியை ஒன்று கேளுங்கள்: இருபது ஆண்டுக்கு முந்திய நம் கணக்கை இன்று திறந்து காட்ட இயலுமா? விடை ‘இயலாது’ என்றால், பழைய கணிப்பொறி இன்னும் ஓடும்போதே வேலையைத் தொடங்குவீர்களாக.