பத்தாவது தடவையும் சிரிக்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

மூணாறில் இருந்தபடியே கார்ட்டூன் காமெடி செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். செய். பஜாரில் சிக்னல் கிடைக்கும். எஸ்டேட் லயங்களுக்கு ஏறினால் பல இடங்களில் போய்விடும். கீழேயே டவுன்லோட் செய்துகொண்டு வீட்டில் பார்ப்பவர்கள்தான் உன் ஆட்கள்.

2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு, தமிழ் பேசும் கார்ட்டூன் ஜாக்கி சானுக்காகப் பிள்ளைகள் நேரம் பார்த்து உட்கார்ந்தார்கள். விட்டால் போச்சு. பிறகு செல்போன் கடைகளில் மெமரி கார்டில் .3gp வகைக் கோப்பாக ஏற்றிக் கொடுத்தார்கள். படம் பெரும்பாலும் 176-க்கு 144 புள்ளி. ஒலியோ பேச்சுக்கென்றே அமைந்த ஏ.எம்.ஆர். வசனம் கேட்கும்; 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் டாம் வழுக்கி விழும்போது வாத்தியங்கள் செய்யும் சேஷ்டை கரகரத்துவிடும். அதில்தானே பாதிச் சிரிப்பு!

டிவிக்கு எழுதுபவர்கள் விளம்பர இடைவேளைக்கு முன் ஒருவனை மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். டவுன்லோட் கோப்பில் இடைவேளை கிடையாது, தொங்கியவன் அடுத்த நொடியே விழுகிறான். அந்தத் தவிப்பை நம்பி எழுதாதே.

சட்டகத்தின் ஓரங்களையும் நம்பாதே. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, 'தி சிம்ப்சன்ஸ்' பழைய எபிசோடுகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். ஒரு காட்சியில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பீர் தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே சரக்கு. ஜோக்கே அந்தக் குழாய்தான். வெட்டில் குழாய் போய் வெறும் தொட்டிகள் மிஞ்சின. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு, 2020 மே மாதம்தான் பழைய 4:3 வடிவம் திரும்பியது.

பெரிய மாற்றம் வேறு. கோப்பு கையில் இருக்கிற பையன் சிரித்த இடத்தை விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி போடுகிறான். பத்தாவது தடவை அதிர்ச்சிக்கு வேலை இல்லை. முகபாவத்துக்கும் பின்னால் நிற்பவன் செய்யும் திருட்டுத்தனத்துக்கும்தான் வேலை. ஆகவே முதல் தடவை கண்ணில் படாத ஒன்றைக் காட்சிக்குள் ஒளித்து வை. ஓரத்தில் அல்ல, நடுவில். சின்னத் திரையிலும் தெரியும்படி கோடு தடிமனாக இருக்கட்டும்.

வெளியிடுமுன் இருப்பதிலேயே மலிவான போனில் ஏற்றி, லயத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில். எங்கே பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்று குறித்துக்கொள்.

முதல் எபிசோடை எனக்கும் அனுப்பு. 4கே எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்தால் போதும்.

அன்புடன்,
அண்ணன்