குழையுற சோறும் உதிருற சோறும்: நெல்லுக்குள்ளே நடக்குற வெட்டு ஒட்டு

செவிலிமேட்டில் தறி வைத்திருக்கிற ஒரு வீட்டுக்கு வருஷா வருஷம் அரிசி கொடுத்து வருகிறேன். இந்த மாசி மாசம் அந்த வீட்டு அம்மா கேட்டாங்க: "என்ன தம்பி, வைகாசியில நீ கொடுத்த அரிசி பொங்கலுக்கு அப்படியே குழைஞ்சுது. இந்தத் தடவை உதிரியா நிக்குது. விதையை மாத்திட்டியா?"

மாத்தலை. அதே விதை, அதே வயல். முன்னது நவரைப் பட்டம், பின்னது சம்பா. அவ்வளவுதான் வித்தியாசம். விதை கெட்டுப்போச்சோ என்று பயந்து, அடுத்த பட்டத்துக்கு வைத்திருந்த விதைநெல்லை அரிசியாக்கிவிடலாம் என்று கூட நினைத்தேன். அவசரப்படாதது நல்லதாப் போச்சு. காரணம் என்னன்னு தேடினபோது தெரிந்துகொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன்.

அந்த வீட்டுத் தறியையே எடுத்துக்கொள்வோம். சேலையின் டிசைன் முதலில் கட்டம் போட்ட தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தறியில் மாட்ட முடியாது. அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு, ஜக்கார்டில் அட்டையை மாட்டினால்தான் டிசைன் விழும். செல்லிலும் இப்படித்தான். கட்டத்தாள் என்பது டி.என்.ஏ. அது உட்கருவை விட்டு வெளியே வராது. அதிலிருந்து எடுக்கிற நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அதுதான் அட்டை. ரைபோசோம் என்கிற தறி அதைப் படித்துப் புரதத்தை நெய்கிறது.

நகல் எடுத்தவுடனே வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் நகலில் புரதத்துக்கு வேண்டிய பகுதியும் இருக்கும், வேண்டாத பகுதியும் நடுநடுவே இருக்கும். வேண்டாததை வெட்டி எடுத்து, வேண்டியதை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். முன்பக்கம் ஒரு தொப்பி மாட்டணும், பின்பக்கம் ஒரு வால் சேர்க்கணும். தொப்பியும் வாலும் இருந்தால்தான் நகல் சீக்கிரம் சிதையாமல் தறிக்குப் போய்ச் சேரும். இந்த வெட்டு ஒட்டு வேலையை 1977இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக ரிச்சர்டு ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம்ம சோற்றுக்கு வருவோம். அரிசி மாவில் இரண்டு சத்து இருக்கிறது. ஒன்று அமைலோஸ், நேரான சங்கிலி. இன்னொன்று அமைலோபெக்டின், கிளை கிளையாய்ப் பிரிந்தது. அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சோறு உதிரியாக வேகும், ஆறினால் விறைக்கும். 20க்குக் கீழே போனால் குழையும். 2 சதவீதத்துக்குள் என்றால் பசை மாதிரி ஒட்டும்.

அமைலோஸைச் செய்கிற நொதிக்கான மரபணுவுக்கு 'வாக்ஸி' என்று பெயர். நெல்லின் 6ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் நகலில் முதல் வேண்டாத பகுதி தொடங்குகிற இடத்தில் 'இங்கே வெட்டு' என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அந்த இடத்தில் மரபணுவில் ஜி, டி என்ற இரண்டு எழுத்து இருக்கணும். இண்டிகா நெல்லில் பெரும்பாலும் அது சரியாக இருக்கிறது. ஜப்பானிகா நெல்லில் பெரும்பாலும் ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி இருக்கிறது. ஒரே ஓர் எழுத்துதான் மாற்றம். அதனால் கத்தி தடுமாறுகிறது. வெட்டப்படாத நகல்கள் தேங்குகின்றன, சரியான நகல் குறைகிறது. நொதி குறைய, அமைலோஸும் குறைய, சோறு குழைகிறது.

இதில் நமக்கு முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. இந்த மாறின எழுத்துள்ள நெல்லில், வெட்டு எவ்வளவு சரியாக நடக்கும் என்பது வெயிலைப் பொறுத்தது. பால் பிடித்து முற்றுகிற நேரத்தில் குளிர்ச்சியாக இருந்தால் வெட்டு நன்றாக நடக்கும், அமைலோஸ் கூடும். சூடு அதிகமானால் வெட்டு தவறும், அமைலோஸ் குறையும். சம்பா மார்கழிக் குளிரில் முற்றுகிறது. நவரை பங்குனி வெயிலில் முற்றுகிறது. விதை மாறாமலே சோறு மாறலாம். மாறாத எழுத்துள்ள உதிரி நெல்களில் இந்த வித்தியாசம் பெரிசாகத் தெரியாது.

வெட்டி ஒட்டின பிறகும் செல் நகலை விட்டுவைப்பதில்லை. நுண் ஆர்.என்.ஏ. என்ற குட்டித் துண்டுகள், தனக்குப் பொருந்துகிற நகலைத் தேடிப் பிடித்து வெட்டிவிடும் அல்லது தறியில் ஏறவிடாமல் தடுக்கும். இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. நெல்லில் தூர் எத்தனை வெடிக்கும், கதிரில் மணி எத்தனை பிடிக்கும் என்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. நுண் ஆர்.என்.ஏ. 156 பிடிக்கிற இடத்தில் ஓர் எழுத்து மாறின நெல்லில் வீண் தூர் குறைந்து, கதிரில் மணி கூடுவதை 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

சரி, வாங்கினவங்க "அரிசி மாறிப்போச்சு" என்றால் நாம் என்ன பார்க்கணும்?

முதலில் அரிசியின் வயசு. பழைய அரிசி எப்போதும் உதிரியாகத்தான் வேகும். புது அரிசியையும் பழைய அரிசியையும் ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது கலப்பு. ஐம்பது அரிசியை எடுத்து ஒவ்வொன்றையும் குறுக்கே உடைத்து, மருந்துக்கடையில் விற்கிற டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விடுங்கள். அமைலோஸ் உள்ள அரிசி கருநீலமாகும். அறவே ஒட்டுகிற ரகம் செம்பழுப்பாகும். இரண்டு நிறமும் வந்தால் விதையில் கலப்பு இருக்கிறது. எல்லாமே நீலம் என்பதற்காகக் கலப்பே இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். வயலில் கதிரும் உயரமும் பார்த்துக் களை எடுப்பதுதான் உறுதி.

மூன்றாவது பட்டம். ஒவ்வொரு பட்டத்து அரிசியிலும் ஒரு படி தனியாக எடுத்து, முற்றிய மாதத்தை எழுதி வையுங்கள். அறுத்து ஒரே அளவு நாள் ஆன பிறகு, அதே பாத்திரத்தில் அதே அளவு தண்ணீர் வைத்து வடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் உங்கள் ரகத்தின் குணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "பொங்கலுக்கு நவரை அரிசி தர்றேன்மா, சாப்பாட்டுக்குச் சம்பா வச்சுக்கோங்க." விதைநெல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.