முட்டுக்கட்டை போடுகிறவர்

திருவண்ணாமலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதைக் கேட்டு நான் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை. தினமும் நின்றுகொண்டே 'ஸ்டாண்ட்அப்' மீட்டிங், 'ஸ்பிரிண்ட்' என்று இரண்டு வார வேலைத் தவணை, சுவர் நிறைய ஒட்டுத்தாள் என்று உங்கள் டீம் 'அஜைல்' முறைக்கு மாறி ஆறு மாதமாகிறது. "ஆனாலும் பெரியப்பா, வேலை மட்டும் பழையபடி கடைசி ராத்திரியில்தான் முடிகிறது" என்றாய். அதே கூத்தை இருபது வருஷம் ஆடிவிட்டு ஊர் திரும்பியவன் நான். வேறென்ன செய்வேன்?

கார்த்திகை தீபத்தின் ஏழாம் நாள் தேரோட்டத்துக்கு உன்னைத் தோளில் தூக்கிப் போயிருக்கிறேன். வடம் பிடிக்கிற ஆயிரம் பேரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பெரிய தேரின் சக்கரத்தை ஒட்டி, கையில் கட்டையோடு நடக்கிற நாலைந்து பேரைப் பார்த்தாயா? மாட வீதி முனை வந்ததும் சரியான சக்கரத்தின் கீழே சரியான நேரத்தில் முட்டுக்கட்டையைச் செருகுவார்கள். தேர் ஒருகணம் முனகி நிற்கும், மூக்கைத் திருப்பும், பிறகு நகரும். அந்தக் கட்டை இல்லாவிட்டால் எதிரிலிருக்கிற கடைக்குள்தான் தேர் போய் நிற்கும். நாமோ 'முட்டுக்கட்டை போடாதே' என்பதை வசவாக ஆக்கிவிட்டோம்!

உங்கள் ஆபீசில் வடம் இருக்கிறது, கூச்சல் இருக்கிறது. கட்டை போட ஆள் இல்லை.

ஸ்பிரிண்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்க 'ரெட்ரோ' கூட்டம் நடக்கிறது அல்லவா, அதுதான் அந்தக் கட்டையாக இருக்க வேண்டியது. டெஸ்டிங் சர்வர் கிடைப்பதில்லை என்று போன மாதம் எழுதினீர்கள். இந்த மாதமும் அதையே எழுதியிருப்பீர்கள். எழுதுவதற்கு அனுமதி உண்டு, மாற்றுவதற்கு அதிகாரம் இல்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரே புகார் எட்டு ரெட்ரோவில் வந்தது. ஒன்பதாவதில் யாரும் வாய் திறக்கவில்லை. 'டீம் பக்குவப்பட்டுவிட்டது' என்று மேலே அறிக்கை போனது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடித்தான் இந்த முறைக்கு மூலமான அஜைல் அறிக்கையை எழுதினார்கள். (பதினேழும் ஆண்கள். அதைப் பற்றி நீ தனியாகத் திட்டலாம்.) நான்கே விழுமியங்கள், பின்னால் பன்னிரண்டு கொள்கைகள். அந்த நான்கில் ஸ்பிரிண்ட், ஸ்டாண்ட்அப் என்ற சொற்களே கிடையாது. திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்பது அதில் ஒன்று. உங்கள் கிளையண்டோ மார்ச் வரைக்குமான பட்டியலையும் தேதியையும் முன்கூட்டியே பூட்டிவிட்டு, அதை இரண்டு வாரத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்திருக்கிறார். நறுக்கினால் மட்டும் மாறிவிடுமா?

ஸ்டாண்ட்அப்பில் எல்லாரும் மேனேஜர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்றாய். அப்படியானால் அது வருகைப் பதிவு. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்று ஒப்பிக்கும் மூன்று கேள்விகளை, ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் கையேடே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. பதினைந்து நிமிடத்தில் நீங்கள் ஒருவருக்கொருவர் பேசி அன்றைய வேலையைத் திருத்திக்கொண்டால் போதும்.

ஸ்டோரி பாயிண்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. அதைத் தானே கண்டுபிடித்திருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் ரான் ஜெஃப்ரிஸ் எழுதியிருக்கிறார். அஜைல் அறிக்கை எழுதிய அந்தப் பதினேழு பேரில் அவரும் ஒருவர். வேலையின் கனத்தைத் தோராயமாகச் சொல்ல வந்த எண் அது. அதை வைத்து இரண்டு டீமை ஒப்பிட்ட அன்றே மூன்று பாயிண்ட் வேலை ஐந்தாகிவிடும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, எண் தானாக வீங்கும்.

இன்னொன்று. பிள்ளையார் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் முருகர் தேருக்கு வடம் பிடிப்பார்கள்; ஒன்று முடிந்துதான் அடுத்தது. உங்கள் டீமில் ஆறு பேர், பலகையில் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று பதினான்கு அட்டை. டெஸ்டிங் முடியாத எதையும் முடிந்ததென்று நகர்த்தாதீர்கள். கடைசி ராத்திரி எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பாதி அங்கேதான் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் இந்த முறை வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மகாதீபத்துக்கு ஸ்பிரிண்ட் எதற்கு? கொப்பரை, நெய், திரி எல்லாம் மலையுச்சிக்கு ஏறியாக வேண்டும், மாலை ஆறு மணிக்குத் தீபம் எரிந்தாக வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. உங்கள் ப்ராஜெக்டிலும் அப்படிப்பட்ட பகுதி இருக்கும். சம்பளக் கணக்கு மென்பொருளில் வரி விதியை யாரும் சோதித்துக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதைத் திட்டம் போட்டே முடியுங்கள். வாடிக்கையாளருக்கே என்ன வேண்டுமென்று தெரியாத திரைகளுக்கு இந்த இரண்டு வாரப் பழக்கம் உதவும்.

வியாழக்கிழமை ரெட்ரோவில் புதுப் புகார் எதுவும் எழுதாதே. போன தடவை எழுதியதில் ஒன்றை மட்டும் எடுத்து, யார் செய்வது, எந்த நாளுக்குள் என்று கேட்டு, அதையே அடுத்த ஸ்பிரிண்டின் முதல் அட்டையாக ஒட்டச் சொல். உன் மேனேஜர் முகம் சுளித்தால் எனக்குப் போன் செய். அவருக்கு வேறொரு கடிதம் எழுதுகிறேன்.

பெரியம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பௌர்ணமிக்கு வந்தால் எடுத்துப் போகலாம். கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது, மதியமே கிளம்பி வா.

அன்புடன்,
பெரியப்பா