சுவர் தடுப்பாகாது

அன்புள்ள மாணவிக்கு,

அக்கா வீட்டுக்காக நீ வரைந்த அடுக்குக் கட்டிலின் படம் வந்து சேர்ந்தது. மேல்தட்டில் ஏழு வயதுப் பெரியவன், கீழே ஒன்றரை வயதுச் சின்னவன். "ராத்திரி ஏணியைக் கழற்றி வைத்துவிட்டால் சின்னவனுக்கு ஆபத்தில்லைதானே?" என்று கேட்டிருக்கிறாய். அடுக்குக் கட்டிலில் ஆபத்து என்றால் உயரத்திலிருந்து விழுவதுதான் என்ற நம்பிக்கை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கட்டில் வாங்குகிறவர்கள் பலரிடமும் இதே நம்பிக்கைதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக ஒரு பதில்.

விழுவது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலுள்ள நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், 1990 முதல் 2005 வரையிலான அவசர சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அடுக்குக் கட்டிலால் அடிபட்டு அந்நாட்டில் சிகிச்சைக்கு வந்த 21 வயது வரையிலானவர்கள் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 36,000 பேர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதில் முக்கால்வாசி விழுந்து பட்ட அடி. ஆறு வயது நிரம்பாத பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரிந்ததே.

ஆனால் உயிரிழப்புக் கணக்கு வேறு கதை சொல்கிறது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1999 டிசம்பரில் அடுக்குக் கட்டில்களுக்குக் கட்டாய விதி கொண்டுவந்தது. 1990 முதல் அதுவரை 15 வயதுக்குட்பட்ட 89 பிள்ளைகள் இறந்ததாக ஆணையத்துக்குத் தகவல் வந்திருந்தது. விழுந்து இறந்தவர்கள் எட்டே பேர். கயிறு, பெல்ட், துணி போன்றவை கழுத்தில் மாட்டித் தொங்கியதால் 24 பேர். மீதி 57 பேர் கட்டிலின் சந்துகளில் சிக்கி இறந்தவர்கள். அந்த 57 பேரில் 55 பேருக்கு வயது மூன்றோ அதற்கும் குறைவோதான்.

இந்தக் கடைசி எண்ணில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. குழந்தை தூக்கத்தில் நகரும்போது கால்தான் முதலில் சந்துக்குள் போகும். பிறகு இடுப்பு, மார்பு. குழந்தை உடம்பு நெளிந்து கொடுக்கும், தலை கொடுக்காது. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலை, வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்குதான். உடம்பு இறங்கி, தலை மேலே மாட்டி, காலுக்குத் தரை எட்டாமல் போனால் முழுப் பாரமும் கழுத்தில் விழுகிறது. அந்த நிலையில் குழந்தையால் அழுது கூப்பிட முடியாது. அடுத்த அறையில் இருப்பவருக்குச் சத்தமே கேட்காது.

நீ தேடிப் படிக்க வேண்டிய ஒரு நூல் உண்டு. 1977இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்னைடர் குழுவினர் அந்த ஆணையத்துக்காகவே தயாரித்த குழந்தை உடல் அளவுகளின் தொகுப்பு அது. இரண்டு வாரக் குழந்தை முதல் 18 வயது வரை 4,127 பேரை 87 விதமாக அளந்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைதான். ஆனாலும் இதை எழுதுகிறவருக்கு அதைவிடப் பிடித்த வடிவமைப்பு நூல் இல்லை. இடுப்பின் அகலம், மார்பின் கனம், தலையின் சுற்றளவு என்று புரட்டிக்கொண்டே போனால், எந்தச் சந்தில் எந்த வயது மாட்டும் என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். மரச்சாமான் வரைகிற ஒவ்வொருவரும் அழகியலுக்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும்.

விதியும் இந்த உடற்கூற்றை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. மேல்தட்டுச் சட்டகத்தின் எந்த இடைவெளியிலும் 89 மி.மீ. கனமுள்ள சோதனைக் கட்டை நுழைந்து வெளியேறக் கூடாது. கீழ்த்தட்டின் தலைமாடு, கால்மாட்டில் மெத்தையை ஒட்டிய இடைவெளிகள் அந்தக் கட்டையைத் தடுக்க வேண்டும்; இல்லையென்றால் 9 அங்குல உருண்டை தாராளமாகப் போய்வரும் அளவு இருக்க வேண்டும். நடுவிலுள்ள அளவுகள்தான் உயிரை வாங்குபவை. நீயோ கால்மாட்டில் 150 மி.மீ. விட்டு, "காற்றோட்டத்துக்கு" என்று குறிப்பும் எழுதியிருக்கிறாய்!

அடுத்தது சுவர். மேல்தட்டில் சுவர்ப் பக்கம் நீ தடுப்பே போடவில்லை, சுவர் இருக்கிறதே என்று. விதி இதற்கு நேர்மாறானது. சுவர்ப் பக்கத் தடுப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடைவெளி விடாமல் போக வேண்டும். வெளிப்பக்கத்தில்தான் ஏறி இறங்க 15 அங்குலம் வரை விடலாம். காரணம், கட்டில் நகரும். பிள்ளைகள் குதிப்பார்கள், பெருக்குகிறவர் இழுப்பார், மறுபடி தள்ளும்போது சுவரை ஒட்டி இடைவெளி நின்றுவிடும். உறங்கும் குழந்தைக்கு அது திறந்து கிடக்கும் பொறி. கீழ்த்தட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே சின்னவனுக்கு இப்போதைக்கு எந்தத் தட்டும் வேண்டாம். தடுப்புக் கம்பிகள் நெருக்கமாக உள்ள குழந்தைக் கட்டில் போதும்.

ஏணிக்கு வருவோம். கழற்றி வை, நல்லதுதான். ஆனால் கால்மாட்டில் நீ போட்ட குறுக்குச் சட்டங்களே ஏணிதான். அண்ணன் ஏறுவதைப் பகலெல்லாம் பார்க்கிற குழந்தை அதில் கால் வைக்காமல் இருக்குமா? சட்டங்களைச் செங்குத்தாக மாற்று. அண்ணன் கீழ்த்தட்டைச் சுற்றிப் புடவை கட்டிக் கூடாரம் போடுவான், ஸ்கிப்பிங் கயிற்றை மாட்டுவான். மேலே சொன்ன 24 பேரை நினைத்துக்கொண்டு அவற்றை அன்றன்றே அவிழ்க்கச் சொல்.

"பெரியவன் பார்த்துக்கொள்வான்" என்று எழுதியிருப்பதை அடித்துவிடு. ஏழு வயதுப் பிள்ளை ராத்திரி தூங்க வேண்டும். அவனைக் காவலுக்கு வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு பழையதானாலும் தவறு தவறுதான். தூங்குகிற பிள்ளைகளைக் காக்க வேண்டியது கட்டில்.

புதிய படத்தில் மெத்தையின் கனத்தையும் குறி. தடுப்பின் மேல்விளிம்பு மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது நிற்க வேண்டும். தடித்த மெத்தை போட்டால் அது கரைந்துவிடும். மேல்தட்டுக்கும் மின்விசிறிக்கும் உள்ள தூரத்தையும் எழுது. ஆஸ்திரேலியாவில் 2 மீட்டர் விடச் சொல்கிறார்கள். அக்காவின் அடுக்குமாடி வீட்டில் அது கிடைக்காது என்றால் கட்டிலை அந்த அறையின் வேறு மூலைக்கு மாற்று, அல்லது விசிறியைச் சுவரில் மாட்டச் சொல். தச்சரிடம் 89 மி.மீ. கனத்தில் ஒரு கட்டை அறுத்து வாங்கிக்கொள். கட்டில் செய்து முடிந்ததும் ஒவ்வொரு சந்திலும் அதை நுழைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்