கவரிங் கறுக்காமல் இருக்க ஒரு பனியன் துண்டு போதும்

காலை ஏழரை மணிக்குப் பொங்கலூர் பஸ் ஸ்டாப்பில் நின்றால் பனியன் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏறுகிற பிள்ளைகளின் கழுத்திலும் காதிலும் மின்னுவது பெரும்பாலும் கவரிங்தான். பவுன் கொடியை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டோ, அவசரத்துக்கு அடகு வைத்துவிட்டோ, கவரிங் கொடியில் தாலியைக் கோத்துப் போட்டு வருகிறவர்களும் உண்டு. அதில் ஒரு குறைவும் இல்லை, கண்ணு. என் வருத்தம் வேறு. உழைத்த காசில் ஆசையாக வாங்கிய செயினை இரண்டே மாதத்தில் கறுக்கவிட்டு, திரும்பவும் அதே மாதிரி ஒன்றை வாங்குகிறோம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதே செயின் எத்தனையோ மாதம் கூட வரும்.

நான் செக்கிங் டேபிளில் நின்ற காலத்தில் ஆறு மாதம் கேரண்டி என்று ஒரு கடையில் செயின் வாங்கினேன். மூன்றாவது வாரமே பின்கழுத்துப் பக்கம் செம்பு நிறம் தெரிந்தது. கழுத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு. கடைக்காரர் செயினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, தூங்கும்போதும் கழட்டறதில்லைங்களா?" என்று கேட்டார். கழற்றியதே இல்லை. குளியல், தூக்கம், ஓவர்டைம், கறை எடுக்கிற ஸ்பிரே எல்லாம் அதன் மேலேயே நடந்திருந்தது. அன்றிலிருந்துதான் இதை விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் நகைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். உள்ளே செம்பு அல்லது பித்தளை. அதன் மேல் பல நகைகளில் நிக்கல் பூச்சு. அதற்கும் மேலேதான் தங்கம். அந்தக் காலத்தில் தங்கத் தகட்டைச் செம்புக் கம்பியின் மேல் சுற்றிப் போர்த்துவார்கள். கவரிங் என்ற பேரே அப்படிப் போர்த்துவதைத்தான் சொல்கிறது. இன்றைக்குப் பெரும்பாலும் தங்க உப்பு கரைத்த தொட்டியில் முக்கி, கரண்ட் விட்டு முலாம் ஏற்றுகிறார்கள். அந்த முலாமை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். அமெரிக்க விதிமுறைப்படி தங்க முலாம் என்று சொல்லி விற்கக் குறைந்தது 0.175 மைக்ரான் வேண்டும், கனமான முலாம் என்று சொல்ல 2.5 மைக்ரான் வேண்டும். முடியில் நானூறில் ஒரு பங்கு அளவுள்ள படலத்தைத் தினமும் வியர்வையில் ஊறவைத்து, சட்டைக் காலரில் உரசவிட்டால் எத்தனை நாள் தாங்கும்?

தங்கம் தானாகக் கறுப்பதில்லை. முலாம் மெல்லியதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இருக்கும். அந்தத் துளை வழியே வியர்வை உள்ளே இறங்கிச் செம்பைத் தொடுகிறது. செம்பு பச்சையாகவும் கறுப்பாகவும் மாறி வெளியே வருகிறது. கழுத்தில் படிகிற பச்சை அதுதான். சோப்புப் போட்டால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கடையில் "ஒரு கிராம் தங்கம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. அந்தச் செயினுக்குள் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கிராம் தங்கத்தின் விலை என்ன, அந்தச் செயினின் விலை என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், தெரிந்துவிடும். ஒரு கிராம் தங்கத்தை அரை மைக்ரான் தடிமனில் பூசினால் ஆயிரம் சதுர சென்டிமீட்டர் வரும். பல செயின்களுக்குப் பூசலாம். சிதம்பரம் கவரிங்குக்கு ஊர் ஊராகப் பேர் உண்டு, நம் பக்கத்துக் கடை போர்டுகளிலும் அந்தப் பேர் இருக்கும். பேரை மட்டும் பார்த்து வாங்காமல் மூன்று கேள்வி கேள்: எத்தனை மைக்ரான்? உள்ளே என்ன உலோகம்? கறுத்தால் திரும்பப் பாலிஷ் போட்டுத் தருவீர்களா? பதில் சொல்லத் தெரிந்த கடையில் நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. கேரண்டி என்றால் பில்லில் எழுதி வாங்கு.

போடுவதற்கு ஒரே ஒரு முறைதான். கவரிங்கைக் கடைசியாகப் போடு, முதலில் கழற்று. எண்ணெய், பவுடர், பாடி ஸ்பிரே எல்லாம் முடிந்து, உடம்பில் காய்ந்த பிறகு செயின். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் செயினைக் கழற்று. மஞ்சள் தேய்த்துக் குளிக்கும்போது கழுத்தில் இருக்கவே கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் கொக்கி இடுக்கில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். திருமூர்த்தி மலை அருவிக்குப் போனாலும், திருச்செந்தூர் கடலுக்குப் போனாலும் கவரிங் பைக்குள்ளேயே இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாத்ரூம் கழுவும்போது மோதிரம், வளையல் இரண்டும் வேண்டாம். கோழிப்பண்ணையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: எருவிலிருந்து கிளம்புகிற அம்மோனியா செம்புக்கும் பித்தளைக்கும் ஆகாது. பண்ணைக்குள் போகும்போது கழற்றி வைத்துவிடு.

கம்பெனியில் கறை எடுக்கிற ஸ்பிரே பக்கம் நிற்கிறவர்கள் செயினை டாப்புக்குள் விட்டுக்கொள்வதைவிட அன்றைக்குப் போடாமல் வருவதே நல்லது. பேக்கிங் செக்‌ஷனில் நகை வேண்டாம் என்று பல ஏற்றுமதிக் கம்பெனிகளில் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு சின்னக் கொக்கி கழன்று குழந்தை உடுப்புக்குள் போய்விட்டால், அது போய்ச் சேருவது ஏதோ ஒரு குழந்தையின் வாய்க்கு.

இனி துடைக்கிற விஷயம். உலகமே இதற்கென்று தனித்துணி விலை கொடுத்து வாங்குகிறது. நமக்குக் கட்டிங் டேபிளுக்குக் கீழே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சூப்பர்வைசரிடம் கேட்டு உள்ளங்கை அளவு காட்டன் இன்டர்லாக் துண்டு நாலு எடுத்துக்கொள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், அது ஈரத்தை இழுக்காது. பிரின்ட் அடித்த துண்டும் வேண்டாம். சாயத்திலும் பினிஷிங்கிலும் போட்ட மருந்து இருக்கும் என்பதால் இரண்டு முறை அலசி, நிழலில் காயவை. செயினை மடியில் நீளமாகப் போட்டு, துணியால் ஒற்றி எடு. தேய்க்காதே. கழுத்துப் பின்பக்கம் படுகிற நாலு அங்குலமும் கொக்கியும்தான் முதலில் கெடுகிற இடம், அங்கே இரண்டு தடவை ஒற்று. அரை நிமிஷ வேலை.

அழுக்கு ஏறிவிட்டால் வெதுவெதுப்பான குடிதண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ விட்டு, செயினை முக்கி உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி ஒற்றிவிடு. கல் பதித்ததை முக்கவே முக்காதே, பசை விட்டுப்போகும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேஸ்ட், பல்பொடி, புளி, எலுமிச்சை எதுவும் ஆகாது. அம்மா பவுன் வளையலைப் பூந்திக்கொட்டையும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்ப்பார். அது முழுத் தங்கம், தாங்கும். நம்முடையதில் பிரஷ் போட்டால் போவது அழுக்கு மட்டும் இல்லை, முலாமும்தான்.

ஒவ்வொரு நகைக்கும் ஒரு ஜிப் கவர், காற்றை அழுத்தி வெளியேற்றி மூடு. செருப்பு டப்பாவிலும் மருந்து டப்பாவிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உடன் போட்டு வை, குழந்தைகள் கைக்கு எட்டாமல். ரப்பர் பேண்ட் சுற்றாதே. ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும்.

தோல் அரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கம்மல் போட்டதும் காதில் அரிப்பும் நீரும் வந்தால், பெரும்பாலும் அது நிக்கல் அலர்ஜி. ஒருமுறை வந்தால் உடம்பு அதை மறக்காது. ஐரோப்பாவுக்குப் போகிற உடுப்பில் அடிக்கிற பிரஸ் பட்டனுக்குக்கூட நிக்கல் டெஸ்ட் கேட்பதைப் பார்த்திருப்பாய். தோலில் படுகிற உலோகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். காது குத்திய துளையில் போடுவதற்கு அளவு 0.2 தான். யாரோ ஊர் பெயர் தெரியாத குழந்தைக்கு இவ்வளவு பார்த்து அனுப்புகிற நாம், நம் பிள்ளையின் புதுக் காதுக்குக் கவரிங் தோடு போடலாமா? புண் ஆறும்வரை பொடி அளவானாலும் தங்கமே போடு. கம்மல் தண்டில் நெயில் பாலிஷ் பூசுகிற வழக்கம் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அரிப்பு நிற்காவிட்டால் தோல் டாக்டரைப் பார்.

கறுத்ததைத் தூக்கி எறிவதா, மறுமுலாம் போடுவதா? இரண்டு முழம் மல்லிகை விலைக்கு வாங்கிய செயினுக்கு மறுமுலாம் வேண்டாம். கல்யாண செட், வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது இவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். வீட்டிலேயே முலாம் பூசுவதாக வருகிற வீடியோவைப் பார்த்து இறங்கிவிடாதே. தொட்டியில் பயன்படுவது பெரும்பாலும் சயனைடு சேர்ந்த தங்க உப்பு. பட்டறைக்காரர் கைக்கு மட்டுமே உரிய வேலை அது.

கவரிங்கைத் தங்கம் என்று உன் தலையில் கட்டாமல் இருக்க ஒன்றைப் பழகிக்கொள். 1.4.2023 முதல் கடையில் விற்கிற ஹால்மார்க் தங்க நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த, ஆறு குறியுள்ள எச்யுஐடி என்கிற அடையாள எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டுப் பார்க்கலாம். வெறும் 916 என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பாதே.

நாளைக்கு வேன் ஏறும்போது டிபன் பையில் அந்தப் பனியன் துண்டையும் ஒரு ஜிப் கவரையும் போட்டுக்கொள், கண்ணு. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் வேனில் உட்கார்ந்தபடியே கழற்றி, ஒற்றி, உள்ளே வை.