திரை கறுத்தால் கணக்கு அழியுமா?

கர்நாடகாவின் எல்லை ஊர் அத்திபெலே. பெங்களூரு நகர மாவட்டத்தில், ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது. சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டின் ஓசூர். இங்கே கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்கள் பலருக்கு மடிக்கணினி கிடைத்தது. எல்லைப் பக்கத்து வீடுகளில் அதுபோன்ற பழைய கணினிகள் இன்றும் இருக்கும். கடைக் கணக்கு, மகளிர் குழுவின் கணக்கு, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும்.

ஒருநாள் பொத்தானை அழுத்துகிறோம். விளக்கு எரிகிறது. முகப்புத் திரை வரவில்லை. "எல்லாம் போச்சு. ஃபார்மட் பண்ணணும்" என்று ஒருவர் சொல்கிறார்.

உடனே சரி என்று சொல்லலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

கணினி எப்படி எழுகிறது?

ரேஷன் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். முதலில் பூட்டைத் திறக்கிறார்கள். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உள்ளே கிடங்கைத் திறக்கிறார்கள். கடைசியில்தான் சாமான் கொடுக்கும் ஜன்னல் திறக்கிறது.

கணினியும் இப்படித்தான் படிப்படியாக எழுகிறது.

1. மின்சாரம் வருகிறது. விசிறி சுற்றுகிறது.
2. பயாஸ் என்ற சிறு நிரல் நினைவகத்தையும் மற்ற பாகங்களையும் சோதிக்கிறது.
3. ஹார்டு டிஸ்க்கைத் தேடிப் படிக்கிறது. நம் கோப்புகள் இருக்கும் கிடங்கு இதுதான்.
4. விண்டோஸ் அல்லது லினக்ஸ் எழுகிறது.
5. முகப்புத் திரை வருகிறது. இதுதான் ஜன்னல்.

ஜன்னல் திறக்கவில்லை என்றால் கிடங்கில் அரிசி இல்லை என்று அர்த்தமா? இல்லை. முகப்பு வராவிட்டாலும் பெரும்பாலும் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும்.

எந்தப் படியில் நின்றது?

விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை: மின்சாரம் வரவில்லை. பிளக், சுவிட்ச், வயர் மூன்றையும் பாருங்கள். அதே பிளக்கில் வேறு ஒரு பொருளைப் போட்டுப் பாருங்கள்.

விசிறி சுற்றுகிறது, "பீப், பீப்" என்ற ஒலி வருகிறது, திரை இருட்டு: ரேம் என்னும் நினைவகப் பலகை சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். ரேமைக் கழற்றுங்கள். அதன் பொன்னிற விளிம்பை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

தேதி தவறு என்று எழுத்து வருகிறது: உள்ளே ஒரு சிறு வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பல கணினிகளில் அதன் எண் சிஆர்2032. மூன்று வோல்ட். விலை குறைவு. மாற்றினால் போதும்.

டிஸ்க் இல்லை என்று எழுத்து வருகிறது: பென் டிரைவ் செருகியிருந்தால் எடுத்து விடுங்கள். பிறகு டிஸ்க்கின் வயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் எழுந்தது, முகப்பு மட்டும் இல்லை

விண்டோஸில் கறுப்புத் திரையும் அம்புக்குறியும் மட்டும் தெரிந்தால், கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதில் புதிய வேலை தொடங்கும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள். பல நேரம் முகப்பு வந்துவிடும்.

லினக்ஸில் வேறு விதம். கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறோம். திரை மினுக்கி, மறுபடியும் கடவுச்சொல்லே கேட்கிறது. டிஸ்க் நிரம்பிப் போனால் இப்படி நடக்கும். எழுந்து நிற்கக் கணினிக்கும் கொஞ்சம் காலி இடம் வேண்டும். "டிஸ்க் நிரம்பியிருக்கிறதா, பாருங்கள்" என்று பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். தேவையில்லாததை நீக்கினால் முகப்பு திரும்பி வரும்.

ஃபார்மட் என்றால் என்ன?

கிடங்கைக் காலி செய்வதுதான் ஃபார்மட். ஜன்னலைப் பழுது பார்க்கக் கிடங்கைக் காலி செய்ய வேண்டியதில்லை. அதனால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

"எந்தப் படியில் நிற்கிறது?"
"என் கோப்புகளை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைப்பீர்களா?"
"எவ்வளவு செலவு ஆகும்?"

டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம். லினக்ஸ் உள்ள பென் டிரைவை வைத்தும் எடுக்கலாம். ஆனால் டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று ஒலி வந்தால் உடனே அணைத்து விடுங்கள். அது கெடும் அறிகுறி. திரும்பத் திரும்பப் போட்டால் இருப்பதும் போய்விடும்.

பழையது வீண் அல்ல

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு உதவியை அதன் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்தியது. அதற்காகப் பழைய கணினியைக் காயலான் கடையில் போட வேண்டாம். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதன் சில வகைகள் பழைய கணினியிலும் ஓடும். இந்திய மொழிகளில் பயன்படுத்த, சி-டாக் என்ற அரசு நிறுவனம் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அதில் தமிழும் உண்டு.

பெங்களூருவின் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையத்தை நடத்தினார்கள். அங்கே ஏழைப் பிள்ளைகள் லினக்ஸில் கணினி கற்றார்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் படமும் வரைந்தார்கள்.

நினைவில் வைப்போம்

கணக்கை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுங்கள். முக்கியமான கணக்கைத் தாளிலும் எழுதி வையுங்கள். எழுதத்தான் நமக்குத் தெரியுமே!

பேசிப் பாருங்கள்

1. கணினி எழும் ஐந்து படிகளைச் சொல்லுங்கள்.
2. "பீப்" ஒலி வந்தால் எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும்?
3. உங்கள் குழுவின் கணக்குக்கு நகல் இருக்கிறதா? இல்லை என்றால் யார், எந்த நாளில் எடுப்பது? கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.